இஞ்செக்டர் தலையில் பூசிய விபூதி

ஜப்பான்காரன் காலத்தில் பாடாங் செராய்க்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் நான் லோரி ஓட்டினேன். வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய சின்ன டீசல் லோரி, நாலு சிலிண்டர். யான் என்ற ஊருக்குப் போய் நெல் ஏற்றிவந்து ஜப்பான்காரன் கிடங்கில் இறக்குவது வேலை. அந்த லோரி ஓடும்வரைதான் நான் டிரைவர். அது நின்றால் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் பட்டியலில் என் பெயரும் ஏறிவிடும். எங்கள் லயத்து வீடுகளிலிருந்து அப்படிப் போனவர்களில் ஒருவர்கூட அதுவரை திரும்பவில்லை.

டீசல் கிடைக்காத காலம். செம்பனை எண்ணெயைக் காய்ச்சி, துணியில் வடிகட்டி ஊற்றினோம். கொஞ்ச நாள் ஓடியது. பிறகு கறுப்புப் புகை தள்ளியது, மேடு ஏற மறுத்தது. எண்ணெயைப் புகைபோலச் சிதறடிக்க வேண்டிய இஞ்செக்டர்கள் கரி பிடித்து அடைத்துக்கொண்டன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசியில் ஒருநாள் வீட்டு வாசலிலேயே நின்றுபோனது.

மறுநாள் காலையில் எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணி வந்தார். முகம் சரியில்லை.

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு ஜப்பான்கார சார்ஜன்ட் வராரு. ஒன் வண்டியிலதான் யானுக்குப் போவணுமாம். வண்டி ஓடலன்னா டிரைவர் எதுக்குன்னு கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல?"

"ஓடும்னு சொல்லுங்கய்யா."

சொல்லிவிட்டேன். ஐந்து மணி என்பது தோக்கியோ நேரம். ஜப்பான்காரன் கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னே தள்ளி வைத்திருந்தான். சூரியனைப் பார்த்தால் மூன்றரைதான்.

பட்டறைச் சாமான்களை முன்பே அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். என்னிடம் இருந்தவை இரண்டு ஸ்பேனர், ஒரு சுத்தியல். ஆனால் நாலு புது இஞ்செக்டர்கள் இருந்தன. துரையின் ஸ்டோரிலிருந்து நான் எடுத்து, கிரீஸ் தடவி, துணி சுற்றி, எங்கள் அரிசித் தகரத்துக்குள் ஒளித்து வைத்திருந்தேன். மரவள்ளிக்கிழங்கு தின்கிற வீட்டில் அரிசித் தகரத்தை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்?

குளித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். இஞ்சின் மேல் படிந்த அழுக்கைத் துடைத்தேன். எண்ணெய்க் குழாய்களைக் கழற்றி, வாய்களைத் துணியால் அடைத்தேன். பழைய இஞ்செக்டர்கள் மூன்று சுலபமாக வந்தன. நாலாவது வரவில்லை. தேங்காயெண்ணெய் விட்டு ஊறவைத்து, பல்லைப் பிடுங்குகிற மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி எடுத்தேன். அடியில் போடும் செம்பு வளையங்கள் புதிதாக இல்லை. பழையவற்றையே என் மனைவி அடுப்பு நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டுக் கொடுத்தாள். அப்படிச் செய்தால் செம்பு இளகி நன்றாக உட்காரும்.

மாட்டுவதற்கு முன் நாலு இஞ்செக்டர்களையும் வாழையிலையில் நிறுத்தி முருகன் படத்தின் முன் வைத்தேன். கற்பூரம் கிடையாது. கையெடுத்துக் கும்பிட்டு, விபூதியைத் தண்ணீரில் குழைத்து ஒவ்வொன்றின் தலையிலும் பூசினேன். எந்த வேலைக்கும் எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். உச்சிவேளைக்கு எல்லாம் மாட்டி முடித்தேன்.

இஞ்சினைக் கிளப்பக் கைப்பிடி சுற்ற அடுத்த வீட்டு அண்ணன் வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர். அவருடைய தம்பியைச் சயாமுக்குக் கொண்டுபோய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. குழாய்களில் நின்ற காற்று வெளியேறும்வரை சுற்றினார். பிறகு மூச்சைப் பிடித்து வேகமாகச் சுற்றினார். இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆனால் நொண்டியது. வண்டி முழுவதும் கிடுகிடுவென்று ஆடியது.

"என்னாடா இது, மூணு கால் கழுத மாதிரி போவுது? சார்ஜன்ட்ட எறங்கித் தள்ளச் சொல்லப்போறியா?"

"சும்மா இருங்கண்ணே, யோசிக்கவுடுங்க."

ஓடுகிற இஞ்சினில் குழாய்களை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தேன். உழைக்கிற சிலிண்டருடையதைத் தளர்த்தினால் சத்தம் மாறும். மூன்றாவதில் மாறவில்லை. இஞ்சினை நிறுத்தி அந்த இஞ்செக்டரைக் கழற்றினேன். அதன் முனை வெளிப்பக்கம் இருக்கும்படி திருப்பிக் குழாயோடு மாட்டிவிட்டு அண்ணனைச் சுற்றச் சொன்னேன். புகைபோலச் சிதற வேண்டிய எண்ணெய் சொட்டுச் சொட்டாக வடிந்தது. புது இஞ்செக்டர் ஏன் இப்படி? குழாயைக் கழற்றி அதன் தலையை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். எண்ணெய் நுழைகிற துளையின் ஓரத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

விபூதி.

மனிதனுக்கு நெற்றி மாதிரி அதற்குத் தலை என்று நினைத்துப் பூசியிருக்கிறேன். அந்தத் தலையில்தான் எண்ணெய் போகும் வாய் இருக்கிறது. அது எனக்குத் தெரியாததல்ல. கும்பிடும்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மற்ற மூன்றின் குழாய்களையும் கழற்றிப் பார்த்தேன். அவற்றிலும் மரைகளைச் சுற்றி விபூதி காய்ந்திருந்தது. அதுவும் எந்த நிமிஷத்திலும் உள்ளே போகலாம். துணியை எடுத்தேன். சாமி முன் வைத்துப் பூசியதை அழிக்கக் கை எழவில்லை. அப்படியே நின்றேன். என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னாங்க நிக்கிறீங்க? மணி ஆவுதுல்ல."

"விபூதிய எப்படித் தொடைக்கிறது?"

"சாமிக்கு ஒங்க நெத்தி போதும். இந்த இரும்புக்கு எதுக்குப் பட்ட? நீங்க சயாமுக்குப் போயிட்டா இந்த வீட்டுல யாரு வெளக்கேத்துறது? குடுங்க இங்க."

துணியைப் பிடுங்கிக்கொண்டு அவளே துடைத்தாள். பாத்திரம் துடைக்கிற வேகத்தில் துடைத்தாள். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. வீட்டு விளக்கில் மிச்சமிருந்த மண்ணெண்ணெயைச் சிரட்டையில் ஊற்றினேன். மூன்றாவது இஞ்செக்டரைப் பிரித்தேன். உள்ளே இருக்கும் ஊசி தன் கனத்திலேயே வழுக்கி இறங்க வேண்டும். இது இறங்காமல் சிக்கி நின்றது. துணி வைத்துத் துடைத்தால் நூல் ஒட்டும். அதனால் மண்ணெண்ணெயிலேயே அலசினேன். விட்டுப் பார்த்தேன், இறங்கவில்லை. மறுபடி அலசினேன். எத்தனை தடவை என்று தெரியாது. வாய் முருகன் பெயரைச் சொன்னது, கண் ஊசியை விட்டு நகரவில்லை. ஒரு தடவை ஊசி எந்தத் தடையும் இல்லாமல் இறங்கியது.

மாட்டி, எல்லாக் குழாய்களையும் இறுக்கியபோது தூரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அண்ணன் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். முதல் சுற்றில் இருமியது. இரண்டாவதில் பிடித்தது. நாலு சிலிண்டரும் ஒரே சீராக உழைத்தன.

"போய்ட்டு வாடா," என்றார் அண்ணன். கைப்பிடியை என்னிடம் கொடுக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார். வாங்கி வண்டிக்குள் போட்டுக்கொண்டேன்.

சார்ஜன்ட் இறங்கி வந்து இஞ்சின் மூடியை ஒரு தட்டுத் தட்டினார். ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து, கையை நீட்டி வழியைக் காட்டினார். அவரை வரவேற்க வந்து பின்னால் நின்ற கிராணி, கையிலிருந்த சயாம் பட்டியலை மடித்துச் சட்டைப்பைக்குள் வைப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

யான்வரை நான் வழியைப் பார்த்ததைவிடச் சத்தத்தைக் கேட்டதுதான் அதிகம். அங்கே மூட்டை ஏற்றும்போது சார்ஜன்ட் இஞ்சினைக் காட்டி, அணை என்று சைகை செய்தார். அணைத்தால் மறுபடி பிடிக்குமோ என்ற பயத்தில் நான் இரண்டு கையையும் கூப்பி, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டார். கடைசி மூட்டை ஏறும்வரை இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.