காட்டுக்குள் ஒரு பெரட்டு

இது நடந்தது. கதை என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சொன்னவள் அழகம்மா. பெரட்டில் சொல்லும் ஒரு பொய்யைத் தவிர வேறு பொய் அவள் வாயில் வந்ததில்லை.

அந்தப் பொய் இதுதான். தேயிலைத் தோட்டத்தில் காலையில் கங்காணி பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்புவதுதான் பெரட்டு. லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் சுப்பம்மா பிந்தி வந்தால், அவள் பேருக்கு அழகம்மா குரல் கொடுப்பாள். இவள் பிந்தினால் அவள். இருபது வருசமாக இப்படித்தான். அதில் யாருக்கு என்ன நட்டம்?

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் விறகுக்குப் போனார்கள். பன்வில ஊருக்கு மேலே, அவர்கள் தோட்டத்துத் தேயிலை முடிகிற இடத்தில் நக்கிள்ஸ் காடு தொடங்குகிறது. பாசி மூடிய மரங்கள், கால் வைத்த இடமெல்லாம் அட்டை. உள்ளே அரை மைலில் உடைந்த கல்மேடைகள் கிடக்கின்றன. உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் கூடாரம் அடித்த இடமாம். ஜப்பான்காரனோடு மோத அங்கேதான் பழகினார்களாம். யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஆனால் நல்ல காய்ந்த விறகு அங்கேதான் இருந்தது, ஆசை யாரை விட்டது?

மத்தியானம் இரண்டு பத்து. அழகம்மா போனில் நேரம் பார்த்தாள்.

"நீ வெறகக் கட்டிக்கிட்டு இரு. நா மேல பாத்துட்டு வர்றேன்" என்றாள் சுப்பம்மா.

"பனி எறங்குது புள்ள. சுருக்கா வா."

பனி இறங்கியது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. குருவிச் சத்தம் நின்றது. சில்வண்டும் நின்றது. அழகம்மா மறுபடி போனைப் பார்த்தாள்.

இரண்டு இருபத்தைந்து.

சரக்... சரக்...

மேலே பல கால்கள் நடந்தன. மண்வெட்டிகள் உரசிக்கொண்டன. ஞாயிற்றுக்கிழமை, காட்டுக்குள், யாருக்கு வேலை?

பிறகு ஓர் ஆண்குரல் பேர் கூப்பிட்டது.

"முத்துவேலு!"

"இருக்கேங்க."

"பேச்சாயி!"

"இருக்கேங்க."

கூப்பிட்டுக்கொண்டே போனது. ஒரு பேரும் அழகம்மாவுக்குத் தெரிந்த பேர் இல்லை.

"சுப்பம்மா!"

பதில் இல்லை.

"சுப்பம்மா!"

குரலில் கோபம் ஏறியது. பெரட்டில் மூன்றாவது தடவையும் பதில் இல்லாவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள், அன்றைய கூலி போய்விடும். அந்தப் பயத்திலும் பழக்கம் முந்திக்கொண்டது.

"வந்திருக்கா!" என்று கத்திவிட்டாள் அழகம்மா.

காடு மூச்சுவிடவில்லை.

"இன்னிக்குத்தான் ஆள் சரி" என்றது குரல்.

கால்கள் நகர்ந்தன. மேலே... இன்னும் மேலே...

எல்லாம் வெறுங்கால். நடுவில் மட்டும் ஒரு ரப்பர் செருப்பு.

டப்... டப்... டப்...

"சுப்பு! ஏய் சுப்பு!"

செருப்புச் சத்தம் நிற்கவில்லை.

இரண்டு நாற்பதுக்குப் பனி விலகியது. அழகம்மா விழுந்தடித்து மேலே ஓடினாள். சுப்பம்மாவின் கத்தி கிடந்தது. சேற்றில் அவளுடைய செருப்புத் தடம் மட்டும் பத்து எட்டுத் தூரம் போயிருந்தது. அதற்கப்பால் சேறு இருந்தது, தடம் இல்லை.

பொலிஸ் தேடியது. ஆமிப் பட்டாளமும் தேடியது. ஆறு நாள். ஒரு துணிகூடக் கிடைக்கவில்லை.

ஏழாம் நாள் சுப்பம்மாவின் தாய் அழகம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எங்கம்மா பேரத்தான் இவளுக்கு வச்சேன். சண்ட காலத்துல பட்டாளத்துக்கு ரோட்டு வெட்ட நம்ம தோட்டத்து ஆளுகள மேல கொண்டு போனாங்க. மல சரிஞ்சு அத்தன பேரும் மண்ணுக்குள்ள போயிட்டாங்க. எங்கம்மாவுக்கு அன்னிக்குக் காய்ச்சல். அவ மட்டும் பெரட்டுக்குப் போகல. அந்த ராசியான பேரு புள்ளயக் காப்பாத்தும்னு நெனச்சேனே!"

அந்தத் தாய் இன்றைக்கும் மகள் வருவாள் என்று கதவைச் சாத்தாமல் இருக்கிறாள். சுப்பம்மாவுக்காகக் குரல் கொடுத்தது யார் என்று அவளிடம் சொல்ல அழகம்மாவுக்கு வாய் வரவில்லை.