காதில் பென்சில் வைத்தவர்

மவுண்ட் ஆல்பர்ட்டில் என் மகள் சனிக்கிழமைதோறும் கூடைப்பந்து ஆடும் அரங்கில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் ஸ்கோர் எழுதுவார். நரைத்த தாடி, காதில் பென்சில். யாராவது அவரோடு வாதம் செய்ய வந்தால் அந்தப் பென்சிலை மைக்கைப் போல நீட்டி, "சொல்லுங்கோ" என்பார்.

வீட்டில் எனக்கு "யெஸ்", "நோ" என்று மட்டும் பதில் சொல்லும் என் மகள், அவரோடு அரை மணி நேரம் வாதாடுவாள். அமெரிக்காவில் கல்லூரி ஆட்டமும் தொழில்முறை ஆட்டமும் முன்பு நன்றாக இருந்தனவா, இப்போதா என்பதுதான் பேச்சு. நான் கார் சாவியைப் பிடித்தபடி தள்ளி நிற்பேன். வயிறு எரியும்.

ஒருநாள் அவள் உடை மாற்றப் போன நேரத்தில், கூச்சத்தை விட்டு அவரிடமே கேட்டேன்.

"நீங்க என்னங்க நினைக்கிறீங்க?"

அன்று அவர் பென்சிலை நீட்டவில்லை. மெல்லச் சொன்னார்.

"முந்திக் கல்லூரிப் பெடியள் நாலு வருஷம் ஒண்டா விளையாடினவங்கள். ஒருத்தன் திரும்புறதுக்கு முதலே மற்றவனுக்கு விளங்கும். இப்ப கெட்டிக்காரர் ஒரு வருஷத்திலயே தொழில்முறைக்குப் போயிடுறாங்கள். ரெண்டு ஆட்டமும் பழுதாப் போச்சு."

காரில் அதை என் கருத்தாகவே சொன்னேன். மகள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நானும் அதேதான் சொல்றேன்! அங்கிள்தான் ஒத்துக்கவே மாட்டார். இப்ப ஆடுறதுதான் பெஸ்ட்னு சண்டை போடுவார்."

நியூ லின்னில் வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

தன் கட்சியை விட்டு அவளுடைய கட்சியை அவர் ஏன் எனக்குச் சொல்லித் தந்தார் என்று நான் கேட்டதில்லை. இப்போதும் அவரைப் பார்த்தால் எனக்குப் பொறாமைதான். என் மகளை எப்படிப் பேச வைப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.