விரியாத நீலம்

அந்த மலைச்சரிவில் மரங்கள் முடிந்துபோயிருந்தன. கட்டைப் புல், சுண்ணாம்புக் கல், உருகிய பனி வழியும் ஈரம். அதற்குள் விரல் உயரம்கூட இல்லாத ஜென்டியன் செடிகள் இலைகளைத் தரையோடு ஒட்டிவைத்துக்கொண்டு நின்றன. மாதக்கணக்கில் பனிக்கு அடியில் கிடந்து, சில வாரங்கள் மட்டும் நீலமாகப் பூப்பவை. தாவரவியல் படிக்கச் சேர்ந்த முதல் வாரமே அந்தப் பூவின் படத்தை விடுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போனவள் நான் ஒருத்திதான். படிப்புப் பயணமாக ஐரோப்பா வரை போனவளும் நான்தான். சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அன்று மேகம். வெயில் இல்லாவிட்டால் அந்தப் பூ மூடிக்கொள்ளும்.

ஊரில், பாலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கும் அம்மா, சாயங்காலத் தேநீரோடு வீடியோவில் வந்தாள்.

"எங்கம்மா பூவு? புல்லுதான் தெரியுது."

கைப்பேசியைத் தரையருகே இறக்கினேன்.

"இதா? திரி முறுக்கி வச்ச மாதிரி இருக்கு. இதுக்கா அவ்ளோ தூரம் போன?"

"வெயில் வந்தா விரியும்மா."

"அப்ப இருலா. மழ பேஞ்சா மரம் காயற வரைக்கும் நாங்க குந்திக்கிட்டு இருக்கல?"

"பன்னண்டு மணிக்குக் கேபிள் கார்மா. எல்லாரும் எறங்குறாங்க."

"படிச்சவங்களுக்கு எப்பவும் அவசரம்தான்."

அவள் போனபின், ஈரத்தில் மண்டியிட்டு ஒரு பூவைக் கையால் பொத்தி ஊதிப் பார்த்தேன். மூச்சுச் சூடு போதவில்லை. விரிவுரையாளர் கூப்பிட்டார், எழுந்து நடந்தேன். கேபிள் கார் பாதி இறங்கியபோது, மேலே அந்தச் சரிவில் வெயில் அடித்தது.

மறுநாள் அம்மா அழைத்தாள். "விரிஞ்சிச்சா? லயத்துல பக்கத்து வீட்டுக்காரங்க எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

"விரிஞ்சிச்சும்மா."

"எப்படி நீலம்? ஒன் பள்ளிக்கூடப் பாவாட நீலமா?"

"அதவிடக் கூட."

"அதவிடக் கூடவா!" ஆறு வருடம் அந்தப் பாவாடையைத் துவைத்தவள் அவள்.

இப்போது சுங்கை பட்டாணி நகரத்தில் வேலை பார்க்கிறேன். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால், வருகிறவர்களிடமெல்லாம் அம்மா அந்த நீலத்தைப் பற்றிச் சொல்கிறாள். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக. நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன், பார்க்காதவர்கள் கேட்பதுபோலவே.




ஒரே ஒரு வெயில் நாள் போதும் எனக்கு. அவளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.