மாடி வீட்டுப் புகை மணி

சுனாமிக்கு மறு வருடம் புதுச்சேரி உழவர்கரையில் எங்கள் வீட்டு மாடி காலியாகக் கிடந்தது. மாதம் முடிவதற்குள் ஆள் வராவிட்டால் என் நாத்தனார் குடும்பத்தோடு குடிவந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பாரிசிலிருந்து திரும்பியிருந்த ஒரு அம்மா வீடு பார்க்க வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவரின் மனைவி. வீடு பிடித்துவிட்டது. ஒரே நிபந்தனை: புகை வந்தால் கத்துகிற ஸ்மோக் டிடெக்டர் கூரையில் இருக்க வேண்டும். பாரிசில் அவர் இருந்த கட்டடத்தில் ஒருமுறை தீப்பிடித்ததாம்.

"அது இல்லாம எனக்குக் கண்ணு மூடாதும்மா," என்றார்.

என் வீட்டுக்காரர் சென்னையிலிருந்து ஒன்றை வரவழைத்து மாட்டினார். ஞாயிறு காலை அந்த அம்மா சோதித்துப் பார்க்க வந்தார். செய்தித்தாளைக் கொளுத்திக் காட்டினோம். சத்தமே இல்லை. தேங்காய் மட்டையைக் கொளுத்தினோம். கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"ரொம்ப நல்ல கம்பெனிங்க," என்று இவர் வழிந்தார்.

அந்த அம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். என் கண்முன்னே நாத்தனாரின் பீரோ மாடிப்படி ஏறியது.

விடுவேனா? கீழேயிருந்து ஸ்டவ்வைத் தூக்கிவந்து பற்றவைத்து, வாணலியில் ஒரு பிடி காய்ந்த மிளகாயை அள்ளிப் போட்டேன். இரண்டே நிமிடத்தில் தெருவே இருமிக்கொண்டு மாடியேறி வந்தது. நாலு பேர் கையில் தண்ணீர்க் குடம் வேறு.

"இன்னாம்மா, வூட்டக் கொளுத்திக்கிறியா?" என்று எதிர்வீட்டு அக்கா கத்தினாள்.

டிடெக்டர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஸ்டூலில் ஏறி அதை உற்றுப் பார்த்தார்.

"ஏம்பா, இதுக்கு பிளாஸ்டிக் கவரு யாரு சுத்தி வெச்சது?"

"நான்தாங்க. புதுசாச்சே, அழுக்காவக் கூடாதுன்னு," என்றார் என் வீட்டுக்காரர்.

பாவி மனுஷன்! வாங்கி ஆறு வருடமான ஃப்ரிட்ஜுக்கே இன்னும் கவர் பிரிக்காதவர்.

அந்த அம்மா கவரை உருவினார். அது போட்ட கூச்சலில் ஒரு குடம் கைநழுவி மாடிப்படியில் உருண்டது. பேட்டரியைப் பிடுங்கிய பிறகுதான் ஓய்ந்தது. கண்ணும் மூக்கும் ஒழுக நின்ற கூட்டத்தை அவர் ஸ்டூலில் நின்றபடியே பார்த்தார்.

"அங்க தீப்பிடிச்சப்ப பக்கத்து வீட்டுக் கதவு கூடத் தெறக்கல. இங்க மிளகா கருகினதுக்கே குடத்தோட வந்துட்டாங்க. நாளைக்கே பால் காய்ச்சிடறேம்மா."

எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

"அப்ப கவரை மறுபடி போட்டுடட்டுங்களா?" என்றார் என் வீட்டுக்காரர்.