கூட வருபவரின் இருக்கை

ஜோகூரில் உள்ள செடெனாக்கில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு கொட்டகையில்தான் என் ஹெலிகாப்டர் உருவானது. ‘என்’ என்பது கொஞ்சம் அதிகப்படிதான். இரண்டு என்ஜின்கள் கொண்ட சிறிய ரகம் அது. சாமான் ஏற்றலாம், ஆள் ஏற்றலாம், தேவைப்பட்டால் நோயாளியையும் ஏற்றலாம். அதன் உள்ளறையை வடிவமைப்பது மட்டும்தான் எங்கள் குழுவின் வேலை. முதலில் ஒட்டுப்பலகையில் முழு அளவு மாதிரி ஒன்று செய்தோம். அதற்குள் ஏறி இறங்கி, தலையை இடித்துக்கொண்டு, சண்டை போட்டே மாதங்கள் போயின.

சண்டையெல்லாம் எடையைப் பற்றித்தான். எங்கள் தலைமைப் பொறியாளர், பண்டார் தெங்காரா என்ற ஊரைச் சேர்ந்தவர். எடை விஷயத்தில் மகா கஞ்சர், ஒரு திருகாணியைக் கூடச் சும்மா விடமாட்டார். ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் நான் வைத்திருந்த இரண்டு இருக்கைகள் ஒருநாள் அவர் கண்ணில் பட்டன.

“ஒண்ணு நர்ஸுக்கு, சரி. இன்னொண்ணு யாருக்கு?”

“கூட வர்றவங்களுக்கு, பாஸ்.”

“அலமாக்!” என்று தலையில் கை வைத்தார். “சொந்தக்காரங்க கார்ல வரட்டும் லா. எடுத்துடுங்க.”

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அவர் மேல் மட்டும் வந்த கோபமல்ல அது. முந்தின வருடம் எங்கள் ஊரான லாபிஸில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது, ஆம்புலன்ஸில் ஏற்கெனவே இன்னொரு நோயாளி இருந்தார். எனக்கு இடமில்லை. காரில் பின்னாலேயே போனேன். ஒரு சிவப்பு விளக்கில் அதைத் தவறவிட்டேன். ஜோகூர் பாரு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை அப்பா உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பயணத்தைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் யாரையும் ஆஸ்பத்திரிக்குத் தனியாக அனுப்புவதில்லை. கூடப் போகிறவர் பெரிதாக ஒன்றும் செய்யமாட்டார். பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

“எடுக்க மாட்டேன்,” என்றேன்.

“ஒரு என்ஜின் நின்னுபோச்சுன்னா, மிச்சம் இருக்கிறதுதான் எல்லாரையும் தூக்கணும். அந்த ஒரு ஆள் கனத்துல ஹெலிகாப்டர் கீழ எறங்கிட்டா, பேஷண்ட்டுக்குத்தானே ஆபத்து?”

அவர் சொன்னது நியாயம். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. சில நாள் முறைத்துக்கொண்டே திரிந்துவிட்டு, மறுபடி அவரிடம் போனேன்.

“பாஸ், ரெண்டாவது என்ஜினும் கனம்தானே? அதை ஏன் சொமக்கிறோம்?”

“ஒண்ணை மட்டும் நம்பிப் பறக்கப் பயம்.”

“படுத்திருக்கிறவங்களுக்கும் அந்தப் பயந்தான்.”

சிரித்தார். ஆனால் மசியவில்லை. “அப்ப அந்த ஆளோட கனத்தை வேற எங்கயாவது கொறைச்சிட்டு வாங்க.”

குறைத்தேன். மேற்கூரைப் பலகைகள் போயின. தரை மெலிந்தது. நான் பார்த்துப் பார்த்து வரைந்த மருந்து அலமாரியை எடுத்துவிட்டுத் துணிப்பைகளைத் தொங்கவிட்டேன். அப்படியும் போதவில்லை. கடைசியில், நோயாளியோடு பறக்கும்போது மட்டும் எரிபொருளைக் குறைத்துப் பறக்கும் தூரத்தைச் சுருக்கிக்கொள்ள அவரே சம்மதித்தார். அந்த இருக்கையில் உட்கார்ந்து பார்த்து, “முட்டி இடிக்குது லா,” என்று முனகிவிட்டுப் போனார். அதுதான் அவருடைய அனுமதி.

பிறகு ஒரு சனிக்கிழமை, வேலை செய்கிறவர்களின் குடும்பங்கள் வந்து பார்க்கலாம் என்றார்கள். அப்பாவை லாபிஸிலிருந்து அழைத்து வந்தேன். பலகை ஹெலிகாப்டருக்குள் மெதுவாக ஏறியவர், நான் தடுப்பதற்குள் ஸ்ட்ரெச்சரில் படுத்துவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

“அந்த சீட்டு யாருக்கும்மா?”

“கூட வர்றவங்களுக்குப்பா.”

மேலே பார்த்தபடியே சொன்னார்.

“அன்னிக்கு வழி பூரா, நீ பின்னால வர்றியான்னு ஆம்புலன்ஸ்ல இருந்தவங்ககிட்ட கேட்டுக்கிட்டே போனேன். அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

அந்த இருக்கையைக் கையால் தட்டிக் காட்டினார்.

“உக்காரும்மா,” என்றார்.

கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முட்டி இடித்தது.