இரண்டாவது சாவி

சனிக்கிழமை மாலை சம்பளம் வாங்கிக்கொண்டு, கம்பெனி கேட்டைத் தாண்டி, நான் டீக்கடை பெஞ்சில் உட்காரும் நேரம் பார்த்து எனக்கு ஒரு போன் வரும். "ஏனுங்க, வண்டி சவுக்கியங்களா?" என்று கேட்பார் வேலுச்சாமி. என்னை விசாரிப்பது அதற்குப் பிறகுதான். எட்டு மாதத்துக்கு முன்னால் அவரிடமிருந்து நான் வாங்கிய பழைய சின்னக் கார் அது. முழுப் பணமும் கொடுத்தாயிற்று, ஆர்.சி. என் பெயருக்கு மாறியாயிற்று. எங்கள் பக்கத்தில் ஒருவன் ஒன்றை விற்றால் விற்றதுதான். அப்புறம் அது எரிந்தால் அவனுக்கு என்ன, வெள்ளத்தில் போனால் அவனுக்கு என்ன. கட்டிக்கொடுத்த மகளைக்கூட வாராவாரம் விசாரிக்காத ஊரிலிருந்து வந்தவன் நான். இங்கே ஒருவர் விற்ற காருக்குக் காய்ச்சலா, தலைவலியா என்று கேட்கிறார். நானும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "சவுக்கியந்தாங்க" என்று பதில் சொல்கிறேன். என்னை நினைத்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது.

சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல்காட்டிலிருந்து திருப்பூருக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. பனியன் கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்து, இப்போது லைன் சூப்பர்வைசர். இந்த ஊரின் மரியாதையைப் பற்றி வெளியூரில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவனுக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்றால் "போலே அங்கிட்டு" என்பான். விஷயம் முடிந்தது. இங்கே அப்படி யாரும் முகத்தில் அடித்ததுபோல் பேச மாட்டார்கள். உங்கள் வீட்டை எடுத்துக்கொள்ள வந்தவன்கூட, "கொஞ்சம் தள்ளி உக்காந்தீங்கன்னா நல்லாருக்குமுங்க" என்றுதான் ஆரம்பிப்பான். நீங்களும் தள்ளி உட்கார்வீர்கள். சண்டைக்கு ஒரு பிடி வேண்டுமே, அது கிடைக்காது. நான் வந்த புதிதில் என் பெயர் சுடலை என்று சொன்னபோது வீட்டுக்காரர் அரை நிமிஷம் யோசித்துவிட்டு, "நல்ல பேருங்க, வேற பேரு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். நானும் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

கார் வாங்கியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வருஷமும் ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாங்கள் பஸ்ஸில்தான் போவோம். நான், மனைவி செல்வி, மகள் இசக்கி, மூன்று பை நிறைய லேபிள் வெட்டிய எக்ஸ்போர்ட் பனியன். ஊருக்குத் திரும்பும் விலக்கில் இறங்கினால், செல்வியின் அண்ணன் பரமசிவம் பைக்கில் சாய்ந்து நின்றுகொண்டு, "என்ன மாப்ள, திருப்பூர்ல பஸ்சுதான் ஓடுதாக்கும்?" என்பார். பத்தொன்பது வருஷமும் அதே கேள்வி, அதே சிரிப்பு. அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு வேலையில் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் நின்றதில்லை. அவர் முன்னால் ஒரே ஒரு தடவை என் சொந்தக் காரில் போய் இறங்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அற்ப ஆசைதான், தெரியும்.

வேலுச்சாமிக்குப் பல்லடத்தில் பரம்பரைத் தறிக் குடும்பம். இப்போது முதலிபாளையத்தில் சொந்தமாகப் பேக்கிங் யூனிட் வைத்திருக்கிறார். பெரிய முருக பக்தர். புது வண்டி புக் பண்ணிவிட்டதால் பழையதை விற்றார். வண்டியைப் பார்க்கப் போனபோது நான் எங்கள் ஊர் வழக்கப்படி, பானட்டில் சொட்டை, ஏ.சி.யில் இருமல், சீட்டில் கிழிசல் என்று ஒவ்வொன்றாகக் குறை சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டினார். விலை மட்டும் இம்மியும் இறங்கவில்லை. கடைசியில் சாவி கொடுக்கும்போது ஒரு சாவியைக் கொடுத்துவிட்டு, வேல் தொங்கும் இன்னொரு சாவியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "மாட்ட வித்தாலும் கயித்தக் குடுக்கற பழக்கம் எங்க குடும்பத்துல இல்லீங்க. லட்சுமி போயிரும்ன்னு அப்பா சொல்லுவாருங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். மாடு விற்கும்போது கயிற்றைக் கொடுக்காத வழக்கம் எங்கள் பக்கத்திலும் உண்டு. ஆனால் விற்ற மாட்டை அந்தக் கயிற்றோடு திரும்பி வந்து யாரும் ஓட்டிக்கொண்டு போனதில்லை. "யானையவே வாங்கியாச்சு, அங்குசத்துக்கா வழக்கு?" என்றாள் செல்வி. நானும் விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் கேட்டார். பின்கண்ணாடியில் 'பழனி முருகன் துணை' என்றும், அதற்குக் கீழே அவருடைய பிள்ளைகளின் பெயர் 'ஹரிணி - கவின்' என்றும் வெள்ளை எழுத்தில் ஒட்டியிருந்தது. "அத மட்டும் கொஞ்ச நாளைக்கு எடுத்துராதீங்க. புள்ளைக அழுகுதுங்க. உங்கூட்டு வண்டியாட்டவே நெனச்சு ஓட்டுங்க" என்றார். காசு கொடுத்து வாங்கியவனிடம் உங்கள் வீட்டு வண்டி மாதிரியே நினைத்து ஓட்டுங்கள் என்கிறார். அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கார் வாங்கிய மப்பில் இருந்தேன், உறைக்கவில்லை.

வாங்கிய மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் வாசலில் வண்டி இல்லை. போலீசுக்குப் போகலாம் என்று சட்டையை மாட்டும்போது போன் வந்தது. "தூங்கீட்டிருப்பீங்கன்னு எழுப்புலீங்க. புது வண்டி டெலிவரி தள்ளிப் போச்சுங்க. சும்மா ஒரு எட்டு பழனி போயிட்டு வந்தர்றமுங்க." அன்று மாலை வண்டி திரும்பி வந்தது. கழுவித் துடைத்து, டேங்க் நிரப்பி, சீட்டில் ஒரு பஞ்சாமிர்த டப்பாவும் ஊத்துக்குளி வெண்ணெய்ப் பொட்டலமும் வைத்திருந்தது. இப்படிப்பட்டவனை எங்கே பிடித்து எப்படித் திட்டுவது? வாயைத் திறந்தால் வாயில் வெண்ணெய். புது வண்டி வந்த பிறகும் அவர் விடவில்லை. "புது வண்டி பழனி ரோட்டுல இன்னும் பழகலீங்க" என்றார். பிறகு அவருக்குக் கழுத்து வலி வந்தது. "நீங்களே ஓட்டீட்டு வந்தீங்கன்னா உங்களுக்கும் சாமி கும்பிட்டாப்பல ஆச்சுங்க" என்றார். அன்றிலிருந்து கிருத்திகை தவறாமல் அவர் குடும்பத்தைப் பழனிக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன். அவர் முன்சீட்டில் உட்கார்ந்து, "அந்த கியர் கொஞ்சம் பொறுத்துப் போடோணுமுங்க" என்று சொல்லிக்கொண்டே வருவார். முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. பத்தொன்பது வருஷம் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து அந்த ஒரு வார்த்தையைத் தொலைத்துவிட்டேன்.

எங்கள் கம்பெனியில் தைக்கிற ஒவ்வொரு சட்டையின் கழுத்திலும் எந்த நாட்டுக் கடையின் பெயரோ இருக்கும். தைப்பது எங்கள் ஆட்கள், பெயர் அவர்களுடையது. பழுதான சட்டையை உள்ளூரில் விற்பதற்கு முன்னால் அந்த லேபிளை வெட்டிவிட வேண்டும் என்பது முதல் விதி. வெட்டாமல் விட்ட பையன்களை நானே லைனில் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் அடுத்தவன் லேபிளோடு காரை ஓட்டிக்கொண்டு திரிந்தேன். "எம் பேரு எங்கங்கப்பா?" என்று இசக்கி ஒருநாள் கேட்டாள். இங்கேயே பிறந்தவள், பேச்சும் இந்த ஊர்ப் பேச்சு. அடுத்த மாதம் ஒட்டலாம் என்றேன்.

கொடை வந்தது. உச்சிவெயில் நேரத்தில், மேளம் முழங்க, கோயில் முன்னால் காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். என்ஜினை உடனே அணைக்கவில்லை, எல்லோரும் பார்க்கட்டும் என்று ஓடவிட்டேன். பரமசிவம் வந்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். பின்கண்ணாடி முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார். "யாரு மாப்ள இது? மொதலாளி புள்ளையளா?" என்றார். சொந்த வண்டி என்றேன். "எங்க வண்டிதாண்ணே" என்றாள் செல்வி. "நீயும் சேந்து ஒத்து ஊதாத" என்று தங்கையை அடக்கினார். சுடலைமாடன் பெயர் வைத்தவன் காரில் முருகன் எதற்கு என்று பக்கத்தில் ஒருவர் கேட்டார். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்த நேரத்தில் போன் அடித்தது. "ஏனுங்க, போய்ச் சேந்துட்டீங்களா? வண்டிய நெழல்ல நிறுத்தீருக்கறீங்களா? வெயில்ல நின்னா பெயிண்ட் போயிருமுங்க." மேளச் சத்தத்தில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நானும் வழக்கம்போல, "ஆமாங்க, நிறுத்தீர்றேங்க, சரிங்க" என்று குழைந்தேன். எங்கள் ஊரில் ஒருவன் இத்தனை 'ங்க' போட்டுப் பேசினால், எதிர்முனையில் இருப்பது சம்பளம் கொடுக்கிறவன் என்றுதான் அர்த்தம். போனை வைத்தபோது சுற்றி நின்ற யாருக்கும் சந்தேகம் மிச்சமில்லை.

பரமசிவத்தின் முகத்தில் கேலி போய் இரக்கம் வந்துவிட்டது. கேலியையே நான் தாங்கியிருப்பேன். "பனியன் கம்பெனி என்னாச்சு மாப்ள? டிரைவர் வேலையும் நல்ல வேலதான். மொதலாளி தங்கமான ஆளு போலுக்கு, கொடைக்கு வண்டியக் குடுத்துவிட்ருக்காரே" என்று தோளில் தட்டினார். வண்டிக்குள்ளே ஆர்.சி. இருந்தது. எடுத்து நீட்டியிருக்கலாம். கோயில் முன்னால் நின்று, இது என் கார்தான் என்று காகிதத்தைக் காட்டி நிரூபிப்பதைவிடக் கேவலம் உண்டா? பந்தியில் என்னை வில்லுப்பாட்டுக் கோஷ்டியின் வேன் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். "வண்டிய எப்பம் திருப்பிக் கேட்டுருக்காரு?" என்றார் பரமசிவம், இலையில் எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றியபடி. "ஞாயித்துக்கெழம" என்றேன். ஞாயிறு கிருத்திகை. அதில் பொய் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை கிளம்புவதற்கு முன்னால், நூல் வெட்டும் டிரிம்மரைச் செல்வியின் பையிலிருந்து எடுத்து அந்த எழுத்துகளைச் சுரண்டினேன். ஆத்திரத்தோடுதான் சுரண்டினேன், முருகன் மன்னிக்கட்டும். ஸ்டிக்கர் மொத்தமும் உரிந்து வந்தது. ஆனால் கண்ணாடியில் ஒட்டியிருந்த கறுப்பு சன் ஃபிலிம் இத்தனை வருஷ வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. எழுத்து இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் கறுப்பாக அப்படியே இருந்தது. வெள்ளையில் இருந்த ஹரிணியும் கவினும் கறுப்பில் இன்னும் தெளிவாகத் தெரிந்தார்கள்.

விருதுநகர் தாண்டியதிலிருந்து ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். 'சாவியக் குடுத்துரும், இனிமே எம் வண்டிப் பக்கம் வராதேயும்.' எங்கள் ஊர்ப் பேச்சில், சுத்தமாக, 'ங்க' போடாமல். ஒட்டன்சத்திரத்தில் டீக்கு நிறுத்தியபோது போன் வந்தது. "எங்க வந்துட்டிருக்கறீங்க? வண்டி சவுக்கியங்களா?" என்றார். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவர், "நீங்க சாப்டீங்களா? ராத்திரி சரியாத் தூங்கிருக்க மாட்டீங்க, மெதுவா வாங்க. கண்ணு என்ன பண்ணுது?" என்று கேட்டார். கண்ணு என்றது இசக்கியை. இரண்டு நாளாகச் சொந்த ஊரில் எல்லோரும் என் முதலாளியைத்தான் விசாரித்தார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. "தூங்குதுங்க" என்றேன். "ஞாயித்துக்கெழம ஆறு மணிக்கு வந்தர்றேங்க" என்று நானே சொன்னேன். அவர் கேட்கக்கூட இல்லை.

தாராபுரம் ரோட்டில் பின்னால் வரும் லாரிக்கு வழிவிடத் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தேன். பின்சீட்டில் இசக்கி அம்மா மடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே ஹரிணி, கவின் என்று எழுத்து நேராக, படிக்கும்படி தெரிந்தது. அந்த எழுத்துகளின் இடுக்கு வழியாகத்தான் நான் விட்டு வந்த தெற்குத் திசை தெரிந்தது. லாரி ஹார்ன் அடித்தது. சுடுகிற வெயில், ரோட்டோரம் ஒரு வேப்பமரம் இருந்தது. வண்டியை அதன் நிழலில் ஒதுக்கி நிறுத்தினேன், பெயிண்ட் போய்விடக் கூடாது.