அரைக்கால் அக்கா

ஷூவைக் கழற்றுங்கள் என்பார். கழற்றியதும் தலைகீழாகப் பிடித்து, அடியில் தேய்ந்த இடத்தை நகத்தால் சுரண்டுவார். வந்தவர் சுவரில் தொங்கும் வண்ணப் பலகைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, இவர் அந்த அழுக்கு ஷூவைப் பாடப்புத்தகம் மாதிரி படித்துக்கொண்டிருப்பார். வந்தவர் ஏதாவது ஒரு படத்தைக் கைகாட்டினால், "படம் அடியிலதாங்க இருக்கு. நீங்க நிக்கப்போறது மேல" என்பார்.

ஸ்கேட்போர்டு விற்கும் கடை. என் லாரி டயர் பட்டறைக்கும் அதற்கும் நடுவே ஒரே சுவர்தான். கடைக்காரர் ஐம்பதை நெருங்கும் பெண்மணி. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே கடை முழுக்கத் தேடுவார். தெருவில் அவருக்கு அரைக்கால் அக்கா என்று பெயர். பலகையின் அகலத்துக்கும், அதன் அடியில் சக்கரத்தைத் தாங்கும் இரும்பு அச்சின் நீளத்துக்கும் அரைக்கால் அங்குலத்துக்கு மேல், அதாவது எட்டில் ஒரு பங்குக்கு மேல், வித்தியாசம் இருந்தால் வாசலைத் தாண்ட விடமாட்டார். அந்த அச்சை ட்ரக் என்கிறார்கள். முதல் தடவை கேட்டபோது நான் என் பட்டறை வாசலைத்தான் எட்டிப் பார்த்தேன்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. பூட்டிக்கொடுத்த பலகையை வெளியே ஓட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். கையில் ஸ்பேனர் இருக்கும். கேட்டால், "கண்ணு ஆளைத்தான் பாக்கும். சக்கரத்தக் காதாலதான் பாக்கணும்" என்பார். சத்தம் பிடித்தால்தான் ஸ்பேனர் மேசைக்குப் போகும். முப்பது வருஷமாக லாரி அச்சோடு மல்லுக்கட்டுகிறவன் நான். எனக்கு இதெல்லாம் கொஞ்சம் அலட்டலாகத்தான் பட்டது, போன செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

அன்றைக்கு, அக்காவுக்கு இரவல் கொடுத்திருந்த ஸ்க்ரூடிரைவரைத் திரும்ப வாங்கப் போயிருந்தேன். ஆம்புலன்ஸ் ஓட்டும் பெண் ஒருத்தி வந்தாள். நாற்பது வயதிருக்கும். இளம் வயதில் ஸ்கேட்போர்டு நன்றாக ஓட்டியவளாம். இடையில் விட்டுவிட்டு, போன மாதம் வேறெங்கோ பலகை வாங்கி மறுபடி ஏறியிருக்கிறாள். மூன்று தடவை விழுந்தாயிற்று. மணிக்கட்டில் கட்டு. அடுத்து எலும்பு முறிந்தால் ஸ்டியரிங் பிடிக்க முடியாது, வேலையே போய்விடும் என்று வீட்டுக்காரர் பிடிபிடியென்று பிடித்துவிட்டாராம்.

"யாருக்காவது குடுத்துடுங்கக்கா" என்று பலகையை மேசைமேல் வைத்தாள். "வயசாயிடுச்சு. உடம்பு பழைய மாதிரி வளையல."

அக்கா ஷூவைக் கழற்றச் சொன்னார். பார்த்தார். பிறகு பலகையைக் கவிழ்த்தார். சக்கரத்துக்கு நேர்மேலே மரம் பிறை வடிவில் தேய்ந்திருந்தது. லாரியில் டயர் மட்கார்டில் உரசினால் இதே பிறைதான் விழும்.

"எந்தப் பக்கம் திரும்புறப்ப விழுந்த?"

"இடது பக்கம். மூணு தடவையும்."

"தேய்ஞ்சதும் இடது பக்கந்தான். உடம்பு வளைஞ்சிருக்கும்மா. பலகைதான் விடல."

ஓரத்தில் நகத்தை ஓட்டி, பலகை எட்டரை அங்குலம் என்றார். அச்சை விரலால் தடவி, ஏழே முக்கால் என்றார். அதற்கப்புறம்தான் டேப்பை எடுத்தார். நூல் பிசகவில்லை. அச்சு அவள் இருபது வயதில் ஓட்டியதாம். தூக்கிப்போட மனசு வராமல் புதுப் பலகையில் அதையே பூட்டியிருக்கிறாள். சக்கரங்கள் உள்ளே ஒடுங்கிவிட்டன. அவள் சாயும்போதெல்லாம் அகலமான ஓரம் கவிழ்ந்து சக்கரத்தை அழுத்தி நிறுத்தியிருக்கிறது.

அப்படியென்றால் அச்சை மாற்ற வேண்டுமா என்று கேட்டாள். குரல் இறங்கிவிட்டது. மாற்றித்தான் ஆகவேண்டும் என்று நானும் நினைத்தேன். அக்கா அவளுடைய வெறுங்காலைப் பார்த்தார். சின்னக் கால்.

"அச்சு உனக்குச் சரியாத்தான் இருக்கு. பலகைதான் அண்ணன் சட்டை மாதிரி இருக்கு உனக்கு."

ஏழே முக்கால் அகலத்தில் ஐந்து பலகைகள் சுவரிலிருந்து இறங்கின. ஒவ்வொன்றையும் காதோரம் வைத்து விரல் முட்டியால் தட்டினார். மூன்று திரும்பப் போயின. மிச்சமிருந்த இரண்டையும் தரையில் வைத்து மூலைகளை அழுத்தினார். ஒன்று மயிரிழை ஆடியது, அதுவும் போனது. கடைசியில் நின்றது படமே இல்லாத வெறும் மரம். பழைய அச்சை எட்டு போல்ட் போட்டுப் பூட்டினார். அவளை ஷூவை மாட்டிக்கொண்டு ஏறி நிற்கச் சொல்லி, நடு நட்டைக் கால் சுற்று இறுக்கினார், மறுபடி கொஞ்சம் தளர்த்தினார். இவ்வளவு பொறுமையை நான் எந்தப் பட்டறையிலும் பார்த்ததில்லை.

அவள் வெளியே போனாள். அக்கா முதுகைத் திருப்பிக்கொண்டார்.

விளக்குக் கம்பத்தைத் தாண்டினால் இடது திருப்பம். கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் சாய ஆரம்பித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சக்கரச் சத்தம் மட்டும் கேட்டது. எங்கேயும் தடுக்காமல் வளைந்து, தூரம் போய், திரும்பி வந்தது.

கண்ணைத் திறந்தபோது அக்கா ஸ்பேனரை மேசையில் வைத்துக்கொண்டிருந்தார். அதை இறுக்கிப் பிடித்திருந்த தடம் உள்ளங்கையில் சிவந்து குழிந்திருந்தது. அவள் உள்ளே வருவதற்குள் அதைப் பேண்ட்டில் தேய்த்துவிட்டு, அடுத்து நின்றவரின் ஷூவுக்குக் கையை நீட்டினார்.